கைடு காட்டாத எல்லை

(திருவண்ணாமலையில் நடந்த மாணவர் - வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். 'தலித் கவிதையில் வெளி' என்று தலைப்பும் கொடுத்தார்கள். வெளி, விளிம்பு, மையம் என்று நாமும் நிறைய எழுதியாகிவிட்டது. எழுதிய நானே ஒருநாள் விளிம்பில் நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். அதைச் சொல்லாமல் 'வெளி' பற்றிப் பேசினால் அது பொய்ப் பேச்சு. ஆகவே இன்று ஒரு வேன் பயணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். காலையில் ஆறு மணிக்கு ஏறி ராத்திரி எட்டு மணிக்கு இறங்கிய ஒருநாள் சுற்றுலா. சிரிக்காதீர்கள். நம்முடைய அரசியல் எல்லாம் அந்த வேனுக்குள்ளேயே இருந்தது.

நான் ஒரு வங்கியில் கிளார்க். பணம் வாங்குகிற, கொடுக்கிற கவுண்டர் வேலை. எங்கள் ஊர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அம்மாவைப் போன வருஷம் ஊரிலிருந்து கூட்டிவந்து வேங்கிக்காலில் என்னோடு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அறுபத்தைந்து வயசு. நாற்பது வருஷமாக நாற்று நட்ட முதுகு. ஒருநாள் சொன்னது: "எல்லாரும் வேன் வெச்சிகினு கோயில் கோயிலா சுத்தறாங்க. நான் இந்த மலைய தூரத்துலருந்து பாத்ததோட சரி. ஒரு நாளு எங்கியாவது இட்டுனு போடா தம்பி."

நமக்குத்தான் கோயில் என்றால் ஆயிரம் விவாதம் இருக்கிறது. அம்மாவுக்கு அது வெளியே போகிற ஒருநாள். நடவு இல்லாத, களை இல்லாத ஒருநாள். அதை மறுக்க நான் யார்? 'கோயில், மலை, அணை - முழு நாள் சுற்றுலா, கைடு உண்டு' என்று போட்ட ஒரு நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டினேன். வேனில் பன்னிரண்டு பேர். கைடு முப்பது வயசுக்குள் இருக்கிற பையன். நல்ல குரல், நல்ல ஞாபகசக்தி. அவனைக் குறை சொல்ல இந்தப் பேச்சு இல்லை.

தேரடியில் வேன் ஏறும்போதே ஒரு நோட்டை எடுத்தான். அர்ச்சனைக்குப் பேர் எழுதணுமாம். பேர், நட்சத்திரம், கோத்திரம். ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். என் முறை வந்தது. பேர் சொன்னேன், நட்சத்திரம் சொன்னேன். கோத்திரத்தில் பேனா நின்றது. அவனே உதவிக்கு வந்தான்: "தெரியலன்னா பரவால்ல சார், சிவகோத்திரம்னு போட்டுக்கறேன்." கோத்திரம் இல்லாதவர்களுக்கு இந்த நாட்டில் வழக்கமாகப் போடுகிற கோத்திரம் அது. நான் தலையாட்டினேன். பக்கத்து சீட்டில் இருந்தவர், ஓய்வு பெற்ற மனுஷர், சம்சாரத்தோடு வந்திருந்தார். "சாருக்கு எந்த ஊரு?" என்றார். "இங்கதான் சார், டவுன்ல, வேங்கிக்கால். பேங்க்ல இருக்கேன்" என்றேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. கேட்டது ஊர், நான் சொன்னது முகவரி. பிறந்த ஊரைச் சொன்னால் அடுத்த கேள்வி 'எந்தத் தெரு' என்று வரும். அது வராமல் இருக்க நான் கட்டிக்கொண்ட சுவர் அந்த 'வேங்கிக்கால்'. இதை ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப இந்த இடத்துக்கு வருவேன்.

பெரிய கோயில். கைடு கடகடவென்று சொல்கிறான். கிழக்கு ராஜகோபுரம் பதினொரு நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்தது, தஞ்சாவூர் சேவப்ப நாயக்கர் காலத்தில் முடித்தது. வடக்கே அம்மணி அம்மாள் என்கிற ஒரு பெண் துறவி காசு சேர்த்துக் கட்டிய கோபுரம். ஆயிரங்கால் மண்டபம், அதற்குள் ரமணர் சின்ன வயசில் உட்கார்ந்திருந்த பாதாளலிங்கம். 1896இல் வந்தார், 1950இல் மறையும்வரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. எல்லாம் சரியான தகவல்கள்.

அப்புறம் வல்லாள ராஜா கதை. போசள ராஜா மூன்றாம் வீரவல்லாளன் கடைசிக் காலத்தில் இந்த ஊரைத் தலைநகரமாக வைத்து ஆண்டவன். பிள்ளை இல்லாத ராஜாவுக்கு சாமியே பிள்ளையாகி, வருஷா வருஷம் மாசி மாசத்தில் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய்த் திதி கொடுக்கிறார் என்று சொன்னான். வேனில் வந்தவர்கள் உருகிப் போனார்கள். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஒரு மனுஷனுக்குக் கொள்ளிவைக்க சாமி கோயிலைவிட்டு இறங்கி எல்லை தாண்டிப் போகிறது என்பது பெரிய கற்பனைதான். அம்மா என் காதோரம் வந்து கேட்டது: "ராஜாவுக்கு போறாரு. நம்ம நைனா செத்தப்ப நம்ம ஊரு மாரியாத்தா தெரு முனை வரைக்குமாவது வந்தாளா?"

எங்கள் அப்பா பறையடிக்கிறவர். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் அம்மனுக்கு முன்னால் அடித்துக்கொண்டு போவார். ஊர்த் தெரு எல்லாம் சுற்றிவந்து ஒரு புளியமரம் வரும். அங்கே தேர் திரும்பும். புளியமரத்துக்கு இந்தப் பக்கம் சேரி. அம்மன் அந்த மரத்தைத் தாண்டி ஒருநாளும் வந்ததில்லை. அப்பா மட்டும் தாண்டி வீட்டுக்கு வருவார், தோளில் பறையோடு. முன்னால் போகிற மேளம் நம்முடையது, பின்னால் வருகிற சாமி நம்முடையது இல்லை.

கோயில் நம்மைத் தள்ளிவைக்கிறது என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான். எல்லாரையும் அது இடம் பார்த்து நிறுத்திவைக்கிறது. இந்த மலையில் கார்த்திகை தீபம் ஏற்றுகிறவர்கள் பர்வதராஜகுலத்தார், மீன்பிடிக்கிற செம்படவர் மக்கள். அது அவர்கள் பரம்பரை உரிமை. கொப்பரையைத் தூக்கிக்கொண்டு 2668 அடி மலை ஏறுகிறார்கள். ஆனால் கருவறையில் நிற்கிற உரிமை இன்னொரு சாதிக்கு. தேர் இழுக்கிறவர், சாமி தூக்கிறவர், விளக்கு ஏற்றுகிறவர், பறை அடிக்கிறவர், எல்லாருக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறது. வேலை செய்கிற உரிமை கீழே இறங்கிவரும். கும்பிடுகிற உரிமை அந்தக் கோட்டில் நின்றுவிடும். சாதி என்பதே இந்த ஏற்பாடுதான்.

பெரிய கோயிலில் அம்மா கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ச் சாமி பார்த்தது. யாரும் தடுக்கவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. சட்டம் வந்து எவ்வளவு காலம் ஆச்சு! மதுரை மீனாட்சி கோயிலில் 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் நம்மவர்கள் நுழைந்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்துக்கே ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது, காகிதத்தில். இவ்வளவு நடந்ததால்தான் அம்மா உள்ளே போக முடிந்தது என்று நினைத்தேன். சாயந்திரம் வேறு மாதிரி புரிந்தது.

அடுத்து கிரிவலப் பாதை. 14 கிலோமீட்டரும் வேனிலேயே. இந்திரலிங்கத்தில் தொடங்கி ஈசான்யலிங்கம்வரை எட்டு லிங்கம். எனக்கு அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் வைக்கம் ஞாபகம் வரும். 1924 மார்ச் 30இல் தொடங்கிய அந்தப் போராட்டம் கோயிலுக்குள் போவதற்காக நடந்தது இல்லை. கோயிலைச் சுற்றியிருந்த ரோட்டில் நடப்பதற்காக நடந்தது. பெரியார் அதற்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போனார். 1925 நவம்பரில் முடிந்தபோது மூன்று பக்கத்து ரோடு திறந்தது, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் 12வரை காத்திருந்தார்கள். தீட்டு என்பது சாமி இருக்கிற அறைக்குள் மட்டும் இல்லை. அது தெருவுக்கு இறங்கி, ரோட்டை அளந்து, முழம் போட்டு நிற்கிறது. இன்று பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேர் சுற்றுகிற ரோட்டில் யார் என்ன சாதி என்று கேட்க முடியாது. கூட்டம் அப்படி.

கைடு மலையைக் காட்டி, "இந்த மலையே சிவன், மத்த ஊர்ல மலை மேல சாமி, இங்க மலையே சாமி" என்றான். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "மண்ணு சரிஞ்சி கொயந்தைங்க செத்துச்சே, அது எந்தப் பக்கம்பா?" என்று கேட்டது. கைடுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அது ஊருக்குள்ள பாட்டி, நம்ம ரூட்ல வராது" என்றான். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் செத்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். மேலே சாமி, கீழே வாடகைக்கும் இடத்துக்கும் வழியில்லாமல் சரிவில் வீடு கட்டியவர்கள். மலை சாமி என்று சொல்கிறவன் அந்தச் சரிவையும் சொல்ல வேண்டாமா?

ரமணாசிரமத்தில் அரைமணி நேரம். அப்புறம் செங்கம் ரோடு.

இங்கே மாணவர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். செங்கம் வட்டாரம் நடுகல்லுக்குப் பேர்போனது. 1972இல் தொல்பொருள் ஆய்வுத் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமே போட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்து. ஆடுமாடு கவர வந்தவனோடு எல்லையில் சண்டை போட்டுச் செத்தவனுக்கு எல்லையிலேயே கல். அதாவது இந்த மண்ணின் பழைய வழிபாட்டு இடங்களில் ஒன்று எல்லைதான். இந்தப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். எசமான் செத்த இடத்தில் கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற ஒரு நாய்க்கு அதில் சிற்பம் உண்டு. கோவிவன் என்று அதற்குப் பேரும் வெட்டியிருக்கிறது. அந்த நாயை நான் மதிக்கிறேன், விசுவாசமுள்ள ஜீவன். ஆனால் 1400 வருஷத்துக்கு ஒரு நாயின் பேரைக் காப்பாற்றி வைத்த இந்த மண், எல்லையிலேயே பிறந்து எல்லையிலேயே செத்த எங்கள் பாட்டன்களின் ஒரு பேரைக் கல்லில் வைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்குத் தெரிந்த மூத்த பேர் என் தாத்தாவுடையது. அதற்குமேல் ஆள் உண்டு, பேர் இல்லை.

செங்கத்தைப் பற்றி இன்னொன்று. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒரு பாட்டு இருப்பது உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். செங்கண்மா என்கிற இந்தச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பற்றியது. அதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பேர். பரிசு வாங்கிவருகிற கூத்தன் எதிரே பசியோடு வருகிற கூத்தனுக்கு வழி சொல்கிறான். யோசித்துப் பாருங்கள், இந்த வட்டாரத்தின் முதல் கைடு அவன்தான். ஊர் ஊராகப் பறையும் யாழும் சுமந்து அலைகிற ஏழைக் கலைஞன். அவன் என்ன சொல்கிறான்? அழகை மட்டும் சொல்லவில்லை. இங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கு, பார்த்து நட. இங்கே பாம்பு பதுங்கும் குழி. இங்கே பாசி, வழுக்கும். இங்கே தினைக்காவல்காரன் பரண்மேல் இருந்து கவண்கல் எறிவான், மரத்தில் மறைந்து போ. ஆபத்து எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். வழி தெரியாமல் வருகிறவன் மேல் உள்ள கரிசனம் அது. அதுதான் வழிகாட்டுவது. ராஜாவைப் புகழவும் செய்கிறான், அது அவன் காலத்து நியதி. ஆனால் பள்ளத்தை மறைக்கவில்லை. நம்முடைய கைடு கோபுரத்தின் உயரத்தைச் சொன்னான், பள்ளம் எங்கே என்று சொல்லவில்லை. நம் சரித்திரப் புத்தகம் பலதும் இந்த வேன் கைடு மாதிரிதான்.

மத்தியானம் சாத்தனூர் அணை. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடித்தது, 119 அடி. மரத்தடியில் சாப்பாடு. காலையிலிருந்தே அந்த ரிட்டயர்டு மனுஷரின் சம்சாரமும் அம்மாவும் சிநேகிதமாகிவிட்டார்கள். அம்மா அவித்த மல்லாட்டை ஒரு பை எடுத்து வந்திருந்தது. கிரிவலப் பாதையில் அந்த அம்மாவுக்கு இரண்டு கை நிறையக் கொடுத்தது. அவங்க உரித்து உரித்துச் சாப்பிட்டு, "நல்ல கெட்டி மல்லாட்டக்கா, சொந்த நெலத்துதா?" என்று கேட்டு, மீதியைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். மத்தியானம் அவங்க எங்களுக்குப் புளிசோறு வைத்தார்கள். நன்றாக இருந்தது. மருமகள் கதை, மூட்டுவலிக் கதை எல்லாம் ஓடியது. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. கெட்ட எண்ணத்தோடு இல்லை, பாசமாகத்தான் வந்தது.

"அக்காவுக்கு பொறந்த ஊரு எது?"

அம்மா ஊர்ப் பேரைச் சொன்னது.

"அட! எங்க நாத்தனாரு ஊட்டு பக்கந்தான். அங்க எந்தத் தெரு?"

நான் அணையைப் பார்ப்பதுபோல் எழுந்து நின்றேன். நிஜமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அம்மா 'டவுனுக்கு வந்து ரொம்ப நாளாச்சு' என்று ஏதாவது சொல்லி மழுப்பாதா என்று என் மனசு வேண்டியது. பதினைந்து வருஷமாகச் சாதி ஒழிப்புக் கவிதை எழுதுகிறவனின் மனசு.

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது: "தெரு இல்லம்மா. காலனி."

அவ்வளவுதான். சண்டை ஒன்றும் வரவில்லை. அவங்க எழுந்து போகவும் இல்லை. "ஓ... சரிசரி" என்றார்கள். புளிசோற்றுப் பாத்திரத்தை மூடினார்கள். கை கழுவப் போனார்கள். திரும்பி வந்து வேனில் ஏறும்போது முன் சீட்டுக்கு மாறிவிட்டார்கள், 'தலைசுத்தலா இருக்கு' என்று. மனுஷர் என்னிடம் வங்கி வட்டி பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர் தூங்க ஆரம்பித்துவிட்டார். இதை யாரிடமாவது புகார் சொல்ல முடியுமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தலைசுற்றலுக்குப் பிரிவு உண்டா?

அப்போதுதான் காலையில் நடந்தது புரிந்தது. பெரிய கோயிலில் எங்களை விட்டார்கள் என்று நினைத்தேனே, எங்களை யாரும் விடவில்லை. எங்களை யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். சட்டத்துக்கு அங்கே வேலையே வரவில்லை, கூட்டமே மறைத்துவிட்டது. பெரிய கோயிலில் நமக்குப் பேர் இல்லை, அதனால் போகலாம். சின்னக் கோயிலில் நம்மைத் தெரியும். அப்பன் பேர் தெரியும், தெரு தெரியும். அங்கேதான் கதவு மூடும். 217 அடி கோபுரத்தைத் தாண்டுவது சுலபம். பத்தடிக் கூரை போட்ட ஊர் மாரியம்மன் வாசப்படியைத் தாண்டுவதுதான் மலை.

திரும்பும் வழி தண்டராம்பட்டு ரோடு. நான் கைடிடம் போய்க் கேட்டேன்: "தம்பி, தென்முடியனூர் இதே வட்டந்தானே? போற வழியில ஒரு பத்து நிமிஷம் அங்க நிறுத்துவியா? முத்துமாரியம்மன் கோயில் பாக்கணும்." அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். "சார், அது நம்ம லிஸ்ட்ல இல்ல. அங்க காட்டறதுக்கு இன்னா இருக்கு?"

அங்கே காட்டுவதற்கு என்ன இருக்கிறது? நான் சொல்கிறேன்.

தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயில் அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில். தை மாசத்தில் பன்னிரண்டு நாள் திருவிழா. ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு நாள் பூசை. எங்களுக்கும் ஒரு நாள் கொடுங்கள் என்று தலித் மக்கள் கேட்டார்கள். கேட்டது ஒரு நாள். அதுவரை ஏறத்தாழ எண்பது வருஷமாக அவர்கள் கோயிலுக்குள்ளேயே போனதில்லை. ஊரில் உள்ள ஆதிக்க சாதிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தன. தங்களுக்குள் ஆயிரம் ஏற்றத்தாழ்வு பார்க்கிறவர்கள் இதில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள். 2023 ஜனவரி 30. காந்தியைச் சுட்ட நாள், எல்லா அரசு ஆபீசிலும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிற நாள். அன்று கலெக்டரும் எஸ்.பி.யும் நூற்றுக்கணக்கான போலீசும் நிற்க, தலித் மக்கள் கையில் மாலையோடும் பூசைத் தட்டோடும் முதல்முறையாக அந்தக் கோயிலுக்குள் போனார்கள். 1947 சட்டத்துக்கும் அந்த நாளுக்கும் நடுவில் 76 வருஷம். ஒரு சட்டம் சென்னையிலிருந்து தென்முடியனூர் வந்துசேர 76 வருஷம் ஆகியிருக்கிறது. நடந்து வந்திருந்தாலும் ஒரு வாரத்தில் வந்திருக்கும்.

அதே 2023 ஆகஸ்டில் இதே மாவட்டத்தில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயில். அங்கேயும் போலீஸ் பாதுகாப்போடுதான் நம் மக்கள் உள்ளே போனார்கள். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில். அதே வருஷம் ஜூனில் பிரச்சினையைத் தீர்க்கத் தெரியாமல் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர்நீதிமன்றம் சொல்லித் திறந்தார்கள். தலித் மக்கள் உள்ளே போனது 2025 ஏப்ரலில். மதுரைப் பக்கம் உத்தப்புரத்தில் எல்லை கண்ணுக்குத் தெரிகிற சுவராகவே நின்றது. 2008 மே 6ஆம் தேதி அதில் ஒரு பகுதியை இடித்துத்தான் பாதை விட்டார்கள்.

இவை எந்தச் சுற்றுலா லிஸ்டிலும் இல்லை. கோபுரம் இருக்கிறது, அணை இருக்கிறது, முதலைப் பண்ணைகூட இருக்கிறது. தமிழ்நாட்டின் நிஜமான நிலக்காட்சி எது என்று என்னைக் கேட்டால், அது ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற அந்த நூறு கெஜம்தான். ஒரு புளியமரம், ஒரு கால்வாய், ஒரு ரோட்டு வளைவு, சில இடத்தில் ஒரு வேலி. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து திணை படித்தோம். ஊர் - சேரி எல்லை என்கிற ஆறாவது திணையைப் பற்றி இலக்கணம் எழுதியவர்கள் வாய் திறக்கவில்லை. நாம்தான் அதில் வாழ்கிறோம்.

இப்போது சில தோழர்கள் கேட்பீர்கள், தெரியும்: "அந்தக் கோயிலுக்குள் போய் நமக்கு என்ன ஆகப் போகிறது? பாபாசாகேப் அதை விட்டுவிட்டு 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் வெளியேறவில்லையா?" சரியான கேள்வி. ஆனால் வரிசையைப் பாருங்கள். 1930 மார்ச் 2இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் போராட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். சாமி கும்பிடுகிற ஆட்களாக நம்மை ஆக்குவதற்காக அதைத் தொடங்கவில்லை, நம் நிலைமையை நமக்கே உணர்த்தத்தான் தொடங்கினேன் என்று பின்னால் எழுதினார். மூடிய கதவின் முன்னால் நின்று பார்த்த சனம்தான் அந்த வீட்டைவிட்டு வெளியேற முடிவெடுத்தது. கதவு இருப்பதே தெரியாதவன் எதிலிருந்து வெளியேறுவான்? உள்ளே போக வேண்டுமா வேண்டாமா என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும், வாசலில் நிற்கிறவன் முடிவு செய்யக் கூடாது. தென்முடியனூர் சனங்கள் கேட்டது சாமி மட்டும் இல்லை. ஊரின் பன்னிரண்டு நாளில் ஒரு நாள். ஊர் என்பதில் ஒரு பங்கு. அது நிலத்தில் பங்கு, தண்ணீரில் பங்கு, சுடுகாட்டுப் பாதையில் பங்கு என்று போய்க்கொண்டே இருக்கும். எதிர்த்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

நந்தன் கதையையும் இந்த இடத்தில் யோசியுங்கள். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டது என்கிறார்கள். விலகியது எது? மாடு. நந்தன் நின்ற இடம் அப்படியே இருந்தது. தூரத்திலிருந்து பார்க்க வசதி செய்து கொடுத்ததுதான் அந்த அற்புதம். எல்லை ஒரு அங்குலம் நகரவில்லை. தில்லையில் உள்ளே போகத் தீயில் இறங்க வேண்டியிருந்தது. 'டவுன், வேங்கிக்கால், பேங்க்' என்று சொல்லி நான் செய்ததும் ஒரு மாதிரித் தீக்குளிப்புதான் தோழர்களே. என்னுடைய அப்பனை, பறையை, புளியமரத்தை எரித்துவிட்டு, சிவகோத்திரமாக உள்ளே போனேன். அம்மா எரிக்கவில்லை. அது மூன்று எழுத்தில் சொன்னது: காலனி.

ராத்திரி எட்டு மணிக்குத் தேரடியில் இறங்கினோம். எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முன் சீட்டில், நாங்கள் இறங்கும் வழியில், அந்தக் காகிதப் பொட்டலம் கிடந்தது. மல்லாட்டை. மறந்துவிட்டுப் போனார்களா, வேண்டாம் என்று விட்டுப் போனார்களா? எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். நான் பார்க்காததுபோல் நடந்தேன். அம்மா குனிந்து எடுத்தது. பிரித்து ஒன்றை உரித்து வாயில் போட்டது. "வெளஞ்ச பொருளு என்னா பண்ணுச்சி? இந்தா துன்னு" என்று மீதியை என் கையில் வைத்தது. அப்புறம் கேட்டது: "ஏண்டா, அந்தம்மா கேக்கசொல்ல நீ ஏன் எழுந்து போன?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

மாணவ நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். தீர்மானம் இல்லை, வேலை. லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஊரின் எல்லை எங்கே என்று எழுதுங்கள். சாமி எந்த மரத்தோடு திரும்புகிறது? பிணம் எந்த வழியாகப் போகக் கூடாது? எந்த டீக்கடையில் எந்தக் கிளாஸ்? எந்தத் தெருவில் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்று உங்கள் தாத்தா சொன்னார், இப்போது அங்கே எப்படி? எந்த வருஷம், யார் முதலில் இறங்காமல் ஓட்டிக்கொண்டு போனது, அவருக்கு என்ன நடந்தது? அவர் பேர் என்ன? அந்தப் பேரை எழுதுங்கள். கோவிவனுக்குப் பேர் இருக்கிறது, அவருக்கும் இருக்கட்டும். நூறு ஊர் சேர்ந்தால் அது ஒரு படம். அந்தப் படத்தை வைத்து நாமே ஒரு சுற்றுலா நடத்தலாம். கைடு நாமாக இருப்போம்.

மலைபடுகடாம் கூத்தன் இன்னொன்றும் சொல்கிறான். வழி பிரிகிற இடம் வந்தால், சரியான வழியைச் சுத்தம் பண்ணி, புல்லை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிற புது ஆள் தடுமாறாமல் இருக்கட்டும் என்கிறான். என் அம்மா அன்றைக்கு அணைக்கட்டு மரத்தடியில் ஒரு முடிச்சுப் போட்டது. நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன், இப்போது திரும்பி வந்து பார்க்கிறேன்.

இனி யாராவது என்னிடம் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று கேட்டால், நான் எழுந்து நின்று அணையைப் பார்க்க மாட்டேன்.

ஜெய் பீம்.